டிவியின் முதுகில் ஒரு கை

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்தேன். மகள் பெனிட்டா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பக்கத்தில் அவள் தம்பி ஜோயல். மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் டிவி. மற்ற நாளில் கிடையாது. நான் போட்ட சட்டம்.

ஏதோ தொடர் ஆரம்பித்தது. சரி, நாமும் கொஞ்ச நேரம் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

மழை பெய்கிறது. ஒரு பள்ளிக்கூட வராண்டா. ஆளே இல்லை. ஒரு பெண்ணின் கால்கள் மட்டும் நடந்து வருகின்றன — ஒரு காலில் சாக்ஸ் முழங்கால் வரை ஏறியிருக்கிறது, இன்னொரு காலில் கணுக்காலில் சுருண்டு கிடக்கிறது. அடுத்து ஒரு பையனின் முதுகு. காதில் பெரிய ஹெட்போன். எல்லோரும் இந்தப் பக்கம் ஓடி வர, அவன் மட்டும் அந்தப் பக்கம் போகிறான். அடுத்து, கரும்பலகையில் எழுதியிருந்த ஒரு பெயரை யாரோ அழிக்கிறார்கள். பாதிதான் அழிகிறது. கடைசியில் ஸ்டாண்டில் ஒரே ஒரு சைக்கிள். அதன் சக்கரம் தானாகச் சுற்றுகிறது. டொய்ங்… டொய்ங்… என்று ஒரு சத்தம். தொடரின் பெயர் வந்தது. அவ்வளவுதான்.

“என்னம்மா இது, பேய்ப் படமா?” என்றேன்.

“ஸ்கூல் டிராமா டாடி.”

“ஸ்கூல்னா ஏன் ஒருத்தரும் படிக்கல?”

“டாடி, ஷ்ஷ்…” என்றான் ஜோயல்.

பெனிட்டா ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள். என் மேல் பரிதாபப்பட்டுத்தான். “அந்தப் பொண்ணு சாக்ஸ பாத்தீங்களா? ரூல்ஸ் எல்லாம் மதிக்க மாட்டா. ஆனா ஒண்ண மட்டும் ஏத்தி உட்டுருக்கா பாருங்க, பாதி பயம் இருக்கு. அந்தப் பையன் எல்லாரும் போற பக்கம் போகல. அவன் எதையோ மறைக்கிறான். யாரோ ஒரு ஸ்டூடன்ட் காணாமப் போயிருக்காங்க. அவங்க பேரத்தான் அழிக்கிறாங்க. சைக்கிளும் அவங்களோடது.”

“பேய் இல்லையா?”

“லைட் ஃபுல்லா நீலமா இருந்துச்சுல்ல? அப்ப காமெடி இல்ல. ஆனா பேயா இருந்தா யாராவது கத்தியிருப்பாங்க. இது மிஸ்ட்ரி.”

“முன்னாடியே பாத்துட்டியா?”

“இதான் டாடி ஃபர்ஸ்ட் எபிசோட்!”

எனக்குத் தலை சுற்றியது. நான் ஐ.டி.ஐ. படித்த ஆள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். ஒயரின் நிறத்தைப் பார்த்து இது எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்று சொல்வேன். ஆனால் சாக்ஸைப் பார்த்துக் குணத்தைச் சொல்வதா? நீல வெளிச்சத்தைப் பார்த்துக் கதையைச் சொல்வதா?

சமையல்கட்டிலிருந்து என் மனைவி ஸ்டெல்லா குரல் கொடுத்தாள். “எங்க சீரியல்லயும் அப்டித்தான். டைட்டில் சாங்லயே மாமியார் ஒரு புருவத்த மட்டும் தூக்குவாங்க. வீட்ட ரெண்டாக்கப் போறாங்கன்னு அப்பவே தெரிஞ்சிடும். மருமவ விளக்கேத்துனா நல்லவ.”

“நல்லவங்க வீட்ல கரன்ட் கிடையாதா?”

“உங்களுக்கு எதைச் சொன்னாலும் கரன்ட்லதான் போய் நிக்கும்.”

இதைப் படிக்கிற பிள்ளைகளா, உங்களுக்கெல்லாம் இது முன்பே தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கதை ஆரம்பிப்பதற்கு முன்னால் வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் யார் யார் எப்படிப்பட்டவர்கள், இது எந்த மாதிரிக் கதை, நாம் சிரிக்க வேண்டுமா பயப்பட வேண்டுமா என்று எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்களாம். நான் என்னடாவென்றால் அந்த நேரத்தில்தான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். இத்தனை வருஷமாகக் கதைகள் எனக்கு ஏன் பாதிதான் புரிந்தன என்பதும் இப்போதுதான் புரிகிறது.

சரி, அதோடு விஷயம் முடிந்ததா? இல்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

பெனிட்டா படிக்கும் பள்ளியில் ஒரு போட்டி. முழுக் கதை எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டையே ஒரு தொடராக நினைத்துக்கொண்டு, அந்தத் தொடருக்கு ஓப்பனிங் மட்டும் எடுத்தால் போதும். சனிக்கிழமை பெற்றோர்கள் எல்லோரையும் வரவழைத்து, ஹாலில் பெரிய திரையில் போட்டுக் காட்டுவார்கள். ஸ்டெல்லாவின் போனைத் தூக்கிக்கொண்டு பெனிட்டா ஒரு வாரமாக வீட்டையே சுற்றிச் சுற்றி வந்ததன் காரணம் அதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் கேட்டேன். “எங்க, எடுத்த வரைக்கும் காட்டு.”

“இன்னும் முடியல டாடி.”

“முடிஞ்ச வரைக்கும் காட்டு.”

அரை மனசாகத்தான் நீட்டினாள்.

முதலில் எலெக்ட்ரிக் ட்ரெயினின் ஹாரன். எங்கள் வீடு திருமுல்லைவாயலில் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெரு. ஹாலில் படித்துக்கொண்டிருக்கும் ஜோயல் தலையைத் தூக்குகிறான். கண் பெரிதாகிறது. அடுத்து எங்கள் டேபிள் ஃபேன். ஒரு சின்னக் கை அதைப் பிடித்து டிவியின் பின்பக்கமாகத் திருப்புகிறது. அடுத்து கேட் கொக்கி — டங், டங். பிறகு கறுப்பு ஷூ, படியில் ஏறுகிறது. இடுப்பில் ஆடும் சாவிக்கொத்து. பின்னணியில் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம்… லப் டப், லப் டப்… சுவரில் ஒரு நிழல். ஒரு கை மெல்ல நீள்கிறது. டிவியின் முதுகை நெருங்குகிறது. நெருங்குகிறது… தொடப்போகும் நேரத்தில் திரை இருட்டாகிவிட்டது.

எனக்கே உடம்பு சிலிர்த்தது.

“யாரும்மா அது? திருடனா?”

 ஜோயல்தான் சொன்னான். “டாடி… அது நீங்கதான். நீங்கதான் வில்லன்!”

உற்றுப் பார்த்தேன். என் ஷூ. என் சாவிக்கொத்து. என் கை. கட்டைவிரல் நகத்தில் அந்தக் கறுப்பு அடையாளம்கூட அப்படியே இருக்கிறது. எல்லாம் என்னுடையதுதான். ஆனால் அந்த ஆளை எனக்குத் தெரியாது.

“சரி, அந்த ஃபேன் ஏன் டிவி பக்கம் திரும்புது?”

பெனிட்டா ஜோயலைப் பார்த்தாள். ஜோயல் தரையைப் பார்த்தான். சமையல்கட்டில் ஸ்டெல்லா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

“சொல்லுங்கம்மா, ஏன்?”

“டிவிய ஆற வைக்கத்தான் டாடி,” என்றாள் பெனிட்டா. “நீங்க டெய்லி உள்ள வந்ததும் டிவி பின்னாடி தொட்டுப் பாப்பீங்கல்ல? நாங்க டிவி பாத்தோமான்னு கண்டுபிடிக்க? அதான் ட்ரெயின் ஹாரன் கேட்டதும் டிவிய ஆஃப் பண்ணிட்டு ஃபேன திருப்பி வச்சிடுவோம். நீங்க நடந்து வர்றதுக்குள்ள ஜில்லுனு ஆயிடும்.”

“எத்தனை நாளா?”

“ஜோயல் எல்.கே.ஜி. படிக்கறப்ப இருந்து.”

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். “உனக்கும் தெரியுமா?”

“தெரியுமாவா? சாயங்காலம் சீரியல் பாக்கறதே நான்தாங்க.”

பிள்ளைகளா, இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒரு நாளும் யாரையும் கண்டுபிடிப்பதற்காக டிவியைத் தொட்டதில்லை. அது என் தொழில் பழக்கம். எங்கள் வேலையில், ஓடுகிற மோட்டார் எதைக் கடந்து போனாலும் தொட்டுப் பார்ப்போம். அளவுக்கு மேல் சூடு இருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அதுவும் உள்ளங்கையால் தொட மாட்டோம், புறங்கையால்தான். எங்காவது கரன்ட் கசிந்தால் உள்ளங்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். புறங்கை உதறிக்கொண்டு விலகும். (நீங்கள் யாரும் செய்து பார்க்கக் கூடாது. நாங்களே முதலில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவோம்.)

அந்தக் கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? ஃப்ரிட்ஜைத் தொடும். மிக்ஸியைத் தொடும். போன் சார்ஜரைத் தொடும். டிவியையும் தொடும். ஒவ்வொரு நாளும் டிவி ஜில்லென்று இருக்கும். “நல்ல டிவி, சூடே ஆகறதில்ல” என்று கம்பெனியில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லி, அதே டிவியை ஒருவரை வாங்கவும் வைத்திருக்கிறேன்!

இதையெல்லாம் வீட்டில் விளக்கிச் சொன்னேன்.

“சும்மா சொல்லாதீங்க டாடி,” என்றான் ஜோயல்.

என் குழப்பம் டிவியைப் பற்றியது இல்லை. சனிக்கிழமை அத்தனை பெற்றோர் முன்னால் இது ஓடப்போகிறதே என்ற வெட்கம்கூட இரண்டாவதுதான். என் மகள் மற்றவர்களின் சாக்ஸைப் பார்த்தே குணத்தைச் சொல்கிறவள். அவள் என்னைப் பதினாலு வருஷமாகப் பார்த்து, பார்த்து, கடைசியில் எடுத்தது இந்த நிழலையும் இந்தக் கையையும்தானா? நான் வீட்டுக்குள் வந்தால் என்ன கதை ஆரம்பிக்கிறது?

கேட்கவும் கூச்சமாக இருந்தது. “ஏம்மா, டாடிய பாத்தா பயமா?” என்று எந்த அப்பா கேட்பார்?

மறுநாள் கம்பெனியில் டீ நேரத்தில் முரளியிடம் சொன்னேன். என்னோடு வேலை பார்ப்பவன். பாடி ஏரியாக்காரன்.

“இன்னா மாமே, மூஞ்சி தொங்கிகினு கீது?”

“முரளி, உண்மையைச் சொல்லு. நான் உள்ள வந்தா எப்படி இருக்கும்?”

“எப்டின்னா?”

“பேய்ப் படம் மாதிரி இருக்குமா, குடும்பப் படம் மாதிரி இருக்குமா?”

முரளி டீ கிளாஸைக் கீழே வைத்தான். “தோ பாரு, நீ அந்த சாவிய ஆட்டிகினு வந்தியானா இங்க அத்தினி பசங்களும் போன உள்ள சொருவிடுவானுங்கோ. கப்சிப்புனு ஆயிடும். நீ அந்தாண்ட போனதும் மறுபடியும் ஆரம்பிச்சிடுவானுங்கோ.”

“நான் யாரையும் திட்டினதே இல்லையே?”

“திட்டுனா கூட பரவால்லையே மாமே! நீ ஒண்ணுமே சொல்லாம மோட்டார தொட்டுட்டு போயிகினே இருப்ப. அதான் பேஜாரு.”

ஆக, இங்கேயும் அதே ஓப்பனிங்தான்.

சாயங்காலம் ட்ரெயினில் ஒரு முடிவுக்கு வந்தேன். இன்றைக்கு மாற்றிக் காட்டுவோம். சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டேன். ஸ்டேஷன் வாசலில் சூடாகப் பக்கோடா வாங்கினேன். கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தேன். வாயில் வந்த ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு உள்ளே நுழைந்தேன். டிவி பக்கம் திரும்பவே இல்லை.

ஜோயல் அன்றைக்குச் சளியோடு பள்ளியிலிருந்து வந்து, பாயில் போர்த்திக்கொண்டு கிடந்தான். போர்வையிலிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தான்.

“மம்மி! டாடிக்கு என்னாச்சு? வேலை போயிடுச்சா?”

கதவுக்குப் பின்னால் போனோடு நின்றிருந்த பெனிட்டா அழாத குறையாக வெளியே வந்தாள். “டாடி! நீங்க உள்ள வர்றத திரும்ப எடுக்கலாம்னு எவ்ளோ நேரமா நிக்கிறேன் தெரியுமா? ஏன் சிரிக்கிறீங்க? கேட் சத்தம் எங்க? சாவி எங்க? கன்டினியுட்டியே போச்சு!”

“நல்லாத்தானேம்மா வந்தேன்?”

“நல்லா வராதீங்க. எப்பவும் வர்ற மாதிரி வாங்க.”

வெளியே போனேன். கொக்கியை ஆட்டினேன். சாவியை மாட்டிக்கொண்டு வந்தேன். “ரொம்ப வேகம்,” என்றாள். மறுபடி போனேன். “ரொம்ப முறைக்கிறீங்க.” மறுபடி. “கைய ஏன் ரோபோ மாதிரி வச்சிருக்கீங்க?” பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து, “சாவி தொலஞ்சிடுச்சா பிரதர்?” என்று கேட்டார்.

விசித்திரம்தான். வருஷக்கணக்காகத் தினமும் என் வீட்டுக்குள் வருகிறேன். எப்படி வருவேன் என்று எனக்குத் தெரியவில்லை! நானாக நடந்து வரச் சொன்னால் என்னால் முடியவில்லை.

பெனிட்டா அலுத்துப்போய்ச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, வழக்கமான வேலைகளைப் பார்த்தேன். பக்கோடா ஆறிவிட்டது.

சனிக்கிழமை. பள்ளி ஹாலில் நல்ல கூட்டம். ஸ்டெல்லா முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் பின்னால், தூண் ஓரமாக ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அவசரமாக எழுந்து போக வேண்டியிருந்தால் வசதி.

எங்கள் முறை வந்தது. ட்ரெயின் ஹாரன். ஜோயலின் கண். ஃபேன் திரும்பியதும் பிள்ளைகள் கூட்டம் பலமாகச் சிரித்தது — அந்த ஹாலில் எத்தனை வீட்டில் எத்தனை ஃபேன் திரும்புகிறதோ! டங், டங். ஷூ. சாவி. லப் டப். கை நீண்டபோது முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. நான் என் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

கை டிவியின் முதுகை நெருங்கியது. நான் பார்த்தது அதுவரைக்கும்தான். ஆனால் இப்போது திரை இருட்டாகவில்லை. கை டிவியைத் தொட்டது. அங்கிருந்து நகர்ந்தது. ஃப்ரிட்ஜைத் தொட்டது. சார்ஜரைத் தொட்டது. லப் டப் இன்னும் வேகமாகிறது. தரையில் போர்வைக்குள் யாரோ சுருண்டிருக்கிறார்கள். கை அந்தப் பக்கம் போகிறது. 

புறங்கை, ஜோயலின் நெற்றியில் போய்ப் படிந்தது.

லப் டப் நின்றுவிட்டது. ஃபேன் ஓடும் சத்தம் மட்டும். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தது. வேர்வையைத் துடைத்தது. பிறகு ஃபேனைப் பிடித்து, டிவி பக்கமிருந்து பையன் பக்கமாகத் திருப்பியது. ஜோயலின் முடி பறந்தது. அப்போது பெயர் வந்தது: ‘டாடி வர்ற நேரம்.’

வியாழக்கிழமை எடுத்தது. நான் சரியாக நடிக்கவில்லை என்று அலுத்து உட்கார்ந்தாளே… போன் அவள் கையில்தான் இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. நெற்றியைத் தொட்டதுகூட எனக்கு ஞாபகமில்லை.

பக்கத்து நாற்காலி அம்மா என் பக்கம் சாய்ந்தார். அது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. “ஏன் சார், இது பேய்க் கதையா, குடும்பக் கதையா? ஒண்ணும் புரியலையே?”

“எனக்கும் புரியலைங்க,” என்றேன். 

பரிசு வேறு ஒரு பெண்ணுக்குப் போனது. மொட்டை மாடியில் வளர்க்கும் புறாக்களை வைத்து எடுத்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. பெனிட்டாவும் கைதட்டினாள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். “ஏம்மா, கடைசியில அது என்ன கதை? பயமா, பாசமா?”

“ரெண்டும்தான் டாடி. மொதல்ல எல்லாரும் அந்தக் கையப் பாத்து பயப்படணும். அப்பதான் கடைசி ஷாட் வேலை செய்யும்.”

“அது சினிமாவுக்கு. நிஜத்துல?”

 யோசித்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு. “நிஜத்துலயும் கொஞ்சம் பயம் இருக்கு டாடி. கேட் சத்தம் கேட்டா மட்டும். நீங்க உள்ள வந்தப்புறம் இல்ல.”

அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. டெஸ்டர் வைத்துப் பார்க்கிற விஷயமும் இல்லை.

ஆனால் ஒன்று யோசிக்கிறேன், பிள்ளைகளா. நம் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓப்பனிங் இருக்கிறது போல. மிஸ் வகுப்புக்குள் வருவதற்கு முன்னால் வராண்டாவில் கேட்கும் செருப்புச் சத்தம். அம்மா கூப்பிடும்போது உங்கள் பெயரைப் பாதியாகக் கூப்பிடுகிறார்களா, முழுசாகக் கூப்பிடுகிறார்களா என்பது. நீங்கள் ஸ்கூல் பேகை எறிகிற எறி. அதை வைத்து மற்றவர்கள் ஒரு கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். நம்முடையது என்ன என்று நமக்கு மட்டும் தெரிவதில்லை. வேறு யாராவது எடுத்துக் காட்டினால்தான் உண்டு. அதுபோல, அடுத்தவர்களுடைய ஓப்பனிங்கைப் பார்த்தே முடிவு கட்டிவிடாமல், கடைசி ஷாட் வரைக்கும் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம். என்னைப் போல இடையில் தண்ணீர் குடிக்க எழுந்து போகக் கூடாது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தேன். கொக்கியை ஒரே ஒரு முறை, மெதுவாக ஆட்டினேன். உள்ளே போனேன். பெனிட்டா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜோயல் தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தான். ஸ்டெல்லா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்று பேரும் அவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள். டேபிள் ஃபேன் நின்றுபோய், மூலையில் சுவரைப் பார்த்தபடி இருந்தது.

டிவி பக்கம் நான் போகவே இல்லை. சும்மா, ஃபேனுக்குப் பின்னால் மட்டும் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.

மோட்டார் நல்ல சூடு.